டெஸ்ட்ல தோத்த பக்கம்

இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்ணா. அங்க ஜன்னல் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். நமக்கு எப்படியும் மத்தியானம் ஆயிரும். போன தடவையும் காலையிலயே வரச் சொல்லிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறந்தான் கூப்பிட்டாங்க. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? பொண்ணுக்கா? ம். கவலைப்படாதீங்க, கவுன்சிலிங் மேடம் நல்லவங்க. பொறுமையாக் கேப்பாங்க. எங்களுக்கு இதுதான் கடைசி. இன்னைக்கும் ஒண்ணும் ஒத்து வரலைன்னா ஜட்ஜம்மாகிட்ட போயிரும்.

எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் சண்டையே கிடையாதுங்ணா. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது, வேற பொம்பள விவகாரம் கிடையாது. சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு வெப்சைட்டுல ஒரு பக்கத்தை எடுத்தேன். அதுக்குத்தான் இந்தக் கோர்ட்டு வராந்தாவுல உக்காந்திருக்கேன்.

என் தொழிலே அதுதாங்ணா. கடைக்காரங்க வெப்சைட் வச்சிருக்காங்கல்ல, அது கூகுள்ல தேடினா முன்னாடி வரணும். வந்தவங்க சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகாம வாங்கணும். அதுக்கு வழி பண்றவன் நான். இந்த ஈரோட்டுல பெட்ஷீட் கடை, மஞ்சள் மண்டின்னு நிறையப் பேருக்குப் பண்ணிக் குடுத்திருக்கேன். பூபதின்னா தெரியும். ஆளைத் தெரியாது, பேரைத் தெரியும். ரூம்ல உக்காந்து பண்ற வேலைதானே, யாரும் நேர்ல பாத்ததில்ல.

அவ பேரு கோகிலவாணி. காங்கேயம். கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் கழிச்சு எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்தா. மாசம் நிறையறதுக்கு முந்தியே பொறந்துட்டா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. கொஞ்ச நாள் இருந்தா. அப்புறம் இல்ல. பேர் எல்லாம் வைக்கலீங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல ‘கோகிலவாணி பெண் குழந்தை’ன்னுதான் இருந்துச்சு. இவ மட்டும் அந்தக் கண்ணாடிகிட்ட நின்னுக்கிட்டு அல்லி, அல்லின்னு கூப்பிடுவா. அது இருக்கட்டும். நான் விஷயத்துக்கு வர்றேன்.

அவ்வளவு சின்னக் குழந்தைக்கு எந்தக் கடையிலயும் சட்டை கிடைக்காதுங்ணா. பொறந்த குழந்தைக்குன்னு விக்கறதே இதுகளுக்குப் போர்வை மாதிரி இருக்கும். மேல ஒயரு, டியூபுன்னு ஒட்டியிருக்கறதால தலை வழியா மாட்டவும் முடியாது. கோகிலாவுக்குத் தையல் தெரியும். வீட்டுக்கு வந்து ஒரு மாசம் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கிடந்தவ, ஒரு நாள் எந்திரிச்சு மெஷின்ல உக்காந்தா. முன்னாடி நாடா வச்சுக் கட்டற மாதிரி ஜபலா. நம்ம கையகலம். தொட்டாப் பஞ்சு மாதிரி இருக்கற துணியில. தச்சுத் தச்சு அந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டு போய்க் குடுத்தா. அங்கிருந்து ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேக்க ஆரம்பிச்சாங்க. அப்பத்தான் நான் சொன்னேன், வெப்சைட் போட்டுத் தர்றேன்னு. நானாத்தான் சொன்னேன், நல்லா ஞாபகம் வச்சுக்குங்க.

பேரு என்ன வைக்கலாம்னேன். ‘அல்லி’ன்னா. வேண்டாம்னேன். அல்லின்னு தேடினா பூவு வரும், குளம் வரும், மகாராணி கதை வரும், நம்ம எங்க வர்றது? ‘குழந்தை ஜபலா’ன்னு நேராவே வச்சா ஆறே மாசத்துல முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடுவேன்னு படம் போட்டுக் காட்டினேன். அவ கேக்கலை. சரி, விட்டுட்டேன். நான் விட்டுக் குடுக்கறவன்தான்.

அப்புறம் காங்கேயத்துல இருக்கற அவ அக்கா வீட்டுக்குப் போனா. அது ஒண்ணும் பெரிய கதை இல்லீங்ணா. ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். “ஏனுங்க, அவ மூக்கு யாரு மாதிரிங்க இருந்துச்சு?”ன்னு கேட்டா. எனக்கு ஒரு மண்டிக்காரர் ரிப்போர்ட் அன்னைக்கு அனுப்பியாகணும். லேப்டாப்பைப் பாத்துக்கிட்டே, “அப்புறம் சொல்றேன்”னேன். அப்புறம்னா அப்புறம் சொல்லத்தானே போறேன்? மக்யா நாளு விடிஞ்சதும் தையல் மெஷினை ஆட்டோவுல ஏத்திட்டா. அவங்க அக்காவுக்கு அப்ப முட்டி வலி வேற. துணைக்குப் போறான்னுதான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.

போனவ வரலை. ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு. நான் போன் பண்ணினா, “சாப்பிட்டீங்களா?”ம்பா. சாப்பிட்டேம்பேன். “சரிங்க, வச்சிடட்டுங்களா?”ம்பா. சரிம்பேன். வேற என்னத்தைப் பேசறது?

ஆனா அவ வெப்சைட்டுச் சாவி, அதான் பாஸ்வேர்டு, எங்கிட்டத்தான் இருந்துச்சு. நான் போட்டுக் குடுத்ததுதானே. அனலிட்டிக்ஸ்னு ஒண்ணு இருக்குதுங்ணா. சைட்டுக்கு எத்தனை பேரு வர்றாங்க, எந்த ஊரு, எந்தப் பக்கத்தைப் பாத்தாங்க, எங்க வந்ததும் வெளிய போயிட்டாங்க, எல்லாம் தெரியும். இந்த நிமிஷம் யார் உள்ள இருக்காங்கன்னுகூடத் தெரியும். வரைபடத்துல ஊர் மேல ஒரு புள்ளி மினுக்கும். காங்கேயத்து மேல ஒரு புள்ளி மினுக்குனா அது கோகிலாதான். ஆர்டர் பாக்கறதுக்கு வந்திருப்பா. மத்தியானத்துலதான் வருவா. நான் மெஸ்ஸுல வாங்கின பொட்டலத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். புள்ளி வந்ததும் பிரிப்பேன். அது இருக்கற வரைக்கும் மெதுவாச் சாப்பிடுவேன். சைட்டுக்குச் சொந்தக்காரங்களே வந்து போறதை எல்லாம் கணக்குல சேக்கக் கூடாதுங்ணா, அதை நீக்கிடணும், தொழில்ல அதுதான் முறை. எனக்கு நேரம் கிடைக்கலை, நீக்கலை.

சும்மா பாத்துக்கிட்டு இருப்பானேன், கையில தொழில் இருக்கு, அவளுக்கு ஏதாவது பண்ணுவோம்னு ஆரம்பிச்சேன். மொதல்ல படத்தை எல்லாம் சின்னதாக்குனேன், சைட்டு சட்டுனு திறந்துச்சு. அப்புறம் டெஸ்ட்டு. டெஸ்ட்டுன்னா வேற ஒண்ணுமில்ல, வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஒரு மாதிரி காட்டறது, மீதிப் பேருக்கு வேற மாதிரி காட்டறது. எதுல ஜாஸ்தி வாங்கறாங்களோ அதை வச்சுக்கறது. வாங்கற பட்டன் பச்சையா இருந்தா நல்லதா, காவியா இருந்தா நல்லதா? டெஸ்ட்டு சொல்லிரும். நம்ம இஷ்டம், அவங்க இஷ்டம்னு சண்டையே கிடையாது பாருங்க. வீட்டுக்கும் அப்படி ஒண்ணு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

அதோட லிங்க்கு. மத்தவங்க சைட்டுல நம்ம சைட்டைப் பத்தி எழுதி, தொட்டா நம்மகிட்ட வர்ற மாதிரி வழி வச்சாங்கன்னா கூகுளு நம்மள மதிக்கும். பெரிய ஆளுங்க நம்ம பேரைச் சொல்ற மாதிரி. அதுக்கு நாமதான் கேட்டுக் கேட்டு வாங்கணும். நான் எழுதாத ஆளு இல்லீங்ணா. குழந்தை வளர்ப்புன்னு எழுதறவங்க, துணிமணி பத்தி எழுதறவங்க, மதுரை, சென்னை, சிங்கப்பூருன்னு அத்தனை பேருக்கும் மெயிலு. ‘வணக்கம், உங்கள் கட்டுரையை விரும்பிப் படித்தேன்’னு ஆரம்பிக்கும். படிச்சிருக்க மாட்டேன். பாதிப் பேரு பதிலே போட மாட்டாங்க. போட்டவங்கள்லயும் பாதிப் பேரு என்ன தருவீங்கம்பாங்க. ஆனா ஒருத்தர் பதில் போட்டாக்கூட அன்னைக்கு நாள் நல்லா இருந்த மாதிரி இருக்கும். யாரோ ஒருத்தர் ‘அன்புள்ள பூபதி’ன்னு எழுதியிருப்பாங்க பாருங்க.

இப்ப அந்தப் பக்கத்துக்கு வர்றேன்.

சைட்டுல ‘அல்லி’ன்னு ஒரு பக்கம் வச்சிருந்தா. ஏன் இந்தத் தொழிலு, எப்படி ஆரம்பிச்சோம்னு அவளே எழுதினது. கணக்கைப் பாக்கறேன், அதுலதான் ஓட்டை. எல்லாப் பக்கத்துலயும் வர்றாங்க, பாக்கறாங்க, வாங்கறாங்க. இதுல வர்றவங்க ரொம்ப நேரம் இருக்காங்க. இருந்துட்டு ஒண்ணும் வாங்காம அப்படியே போயிடறாங்க. கொஞ்சம் பேரு இல்லீங்ணா, வர்றதுல பெரும்பகுதி. வாளியில தண்ணி ஊத்த ஊத்த அடியில ஒழுகுனா எப்படி? டெஸ்ட் வச்சேன். பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் இருக்கறதே தெரியாத மாதிரி பண்ணினேன். தெரியாதவங்கதான் ஜாஸ்தி வாங்கினாங்க. நல்லாவே ஜாஸ்தி. டெஸ்ட்டு முடிஞ்சா ஜெயிச்சதை வைக்கணும், தோத்ததை எடுக்கணும். எடுத்துட்டேன்.

நீங்களே சொல்லுங்க. அவகிட்ட கேட்டிருந்தா வேண்டாம்பா. கேக்காமப் பண்ணினதுலதான் ஆர்டர் குவிஞ்சுது. எங்க சகலை போன் பண்ணினாரு. “என்னமோ தெரியல சகலை, கோகிலாவுக்குக் கை ஓயல, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேரைக் கூட வச்சிருக்கா, சிவன்மலை முருகன் கண்ணைத் தொறந்துட்டான்”னாரு. நான்தான்னு சொல்லலை. ஒரு நாள் அவளாத் தெரிஞ்சுக்குவா, கூப்பிடுவான்னு இருந்தேன்.

கூப்பிட்டா. தை பொறந்து கொஞ்ச நாள்ல. அவளா எனக்குப் போன் பண்ணி எத்தனை மாசம்! சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாம எடுத்தேங்ணா.

“அல்லி பக்கம் எங்கீங்க?”ன்னா.

“எடுத்துட்டேன்.”

“ஏனுங்க?”

“டெஸ்ட்ல தோத்துருச்சு கோகிலா.”

பின்னாடி மெஷின் ஓடற சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அதுவும் நின்னுருச்சு.

“யாரு தோத்தா?”

“பக்கந்தான். அது இருந்தா ஆர்டர் கம்மியாகுது, இல்லாட்டி ஜாஸ்தியாகுது. நான் ஒழுங்கா டெஸ்ட் வச்சுப் பாத்துத்தான்...”

“திருச்சியில இருந்து ஒரு நர்ஸம்மா கூப்பிட்டாங்க. அவங்க வார்டுல குழந்தையப் பறி குடுத்துட்டு நிக்கற பொண்ணுங்களுக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கக் குடுப்பாங்களாம். நேத்து ஒரு புள்ள அழுதுக்கிட்டே கிடந்துச்சாம். காட்டலாம்னு தொறந்தா, ‘இப்படி ஒரு பக்கம் இல்லை’ன்னு வருதாம்.”

“அட, அதுக்கு ரீடைரக்ட் போட்டிருக்கணும். மறந்துட்டேன். யார் அங்க வந்தாலும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விட்டுடலாம். ஒரு நிமிஷ வேலை.”

“இப்படி ஒரு பக்கம் இல்லைன்னு எழுதி வருதுங்க. அவ இருந்தான்னு சொல்றதுக்கு எங்கிட்ட அது ஒண்ணுதாங்க இருந்துச்சு.”

“எங்கிட்ட காப்பி இருக்கு கோகிலா. அழிக்கல.”

வச்சுட்டா.

மறுநாள் பாஸ்வேர்டு மாறிப்போச்சு. அக்கா பையனை விட்டு மாத்தியிருப்பா. என்னோட மத்தியானப் புள்ளி, கணக்கு, எல்லாம் போச்சு. அப்புறம் வக்கீல் நோட்டீஸ். அதுல என்ன போட்டிருக்கு தெரியுமுங்களா? மன ஒற்றுமை இல்லையாம். ரீடைரக்ட் போட மறந்தது ஒரு டெக்னிக்கல் தப்பு. அதுக்கு மன ஒற்றுமை இல்லைன்னு எழுதுவாங்களா?

போன தடவை இங்க வந்தப்ப மேடம்கிட்ட எல்லாத்தையும் போன்லயே காட்டினேன். பக்கம் இருந்தப்ப இவ்வளவு, எடுத்தப்புறம் இவ்வளவு, கோடு எப்படி மேல போகுது பாருங்க மேடம்னேன். அவங்க பாத்தாங்க. கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, “உங்க குழந்தை பேரு என்னங்க?”ன்னு கேட்டாங்க.

“பேர் வைக்கலை மேடம்”னேன்.

உண்மையைத்தானே சொன்னேன்? கோகிலா எந்திரிச்சு வெளிய போயிட்டா. நான் பின்னாடியே வந்தேன். அதோ அந்த வேப்பமரத்தடியில நின்னு மூஞ்சி கழுவிக்கிட்டு இருந்தா. நான் கிட்டப் போறதுக்குள்ள காங்கேயம் பஸ்ஸு வர்ற நேரம்னு நடந்துட்டா.

அன்னைக்கு ரூமுக்குப் போனதும் அந்த சைட்டைத் திறந்தேன். சாவி இல்லாம, ஊர்ல இருக்கற எவனோ ஒருத்தன் மாதிரி. அல்லி பக்கத்தைத் திரும்ப வச்சிருந்தா. எங்கிட்ட காப்பி கேக்கல பாருங்க, அவளே உக்காந்து மறுபடி எழுதியிருக்கா. எனக்குப் பழக்கம் போகாதே, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, என்ன மாறியிருக்குன்னு வரிவரியாப் பாத்தேன். அப்பத்தாங்ணா அதை முழுசாப் படிச்சேன். அதுக்கு முன்னாடி மத்தவங்க எவ்வளவு நேரம் படிக்கறாங்கன்னுதான் பாத்திருக்கேன். நான் படிச்சதில்ல.

பெருசா மாத்தலை. அல்லிக்குக் காது மடல் எப்படி இருந்துச்சு, விரல் எப்படி இருந்துச்சு, கண்ணாடி மேல இவ கை வச்சா அந்தப் பக்கம் திரும்புவாங்கறதெல்லாம் அப்படியே இருக்குது. ஒரே ஒரு வரிதான் வேற. பழசுல இருந்துச்சு, ‘அவளுக்குப் பொருந்துகிற துணி எங்கும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அவள் அப்பா தன் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார். அதில்தான் முதன்முதலாகச் சுற்றினோம்’னு. எனக்கே மறந்துபோச்சுங்ணா அது. எங்கப்பா குடுத்த கதர் வேட்டி, துவைச்சுத் துவைச்சு நைஞ்சு போனது. மழை வேற அன்னைக்கு. நனையக் கூடாதுன்னு சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்ஸு வாங்கறப்பச் சூடா இருக்குதேன்னாங்க.

புதுசுல எப்படி எழுதியிருக்கான்னா, ‘ஒரு பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார்கள்.’

அவ்வளவுதான். வரி சின்னதாயிருச்சு. சின்ன வரிதான் நல்லது, நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன்.

இருங்க, வாட்டர் பாட்டில் இருக்குதுங்களா? ஒரு வாய்... ம். இந்த ஊரு வெயிலு.

ஒரு சிக்கல் என்னன்னா, அவ புதுசா எழுதினதால அந்தப் பக்கத்தோட முகவரி மாறிப்போச்சு. பழைய முகவரிக்கு வர்றவங்களுக்கு இன்னும் ‘இல்லை’ன்னுதான் வரும். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா சாவி இல்ல. போன் பண்ணிச் சொல்லலாம்னா எடுக்க மாட்டா. சரி, யார் யாரு அந்தப் பழைய பக்கத்துக்கு லிங்க் குடுத்திருக்காங்கன்னு வெளிய இருந்தே தேடிப் பாக்கலாம், பாத்தேன். ஏங்ணா, எனக்குத் தொழில் இத்தனை வருஷம். நான் கெஞ்சிக் கெஞ்சி வாங்கினதெல்லாம் ஒரு பக்கம், கேக்காம தானா வந்தது ஒரு பக்கம். குழந்தை டாக்டர் ஒருத்தரு வச்சிருக்காரு. கோகிலா சொன்ன திருச்சி நர்ஸம்மாவும் அவங்க எழுதற பக்கத்துல வச்சிருக்காங்க. மலேசியாவுல தாய்மாருங்க கூடிப் பேசற இடத்துல ஒருத்தி வச்சிருக்கா. யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு அம்மா அவங்க குழந்தையப் பத்தி எழுதி, அடியில ‘அல்லியின் அம்மா சொல்வதைப் படியுங்கள்’னு போட்டிருக்காங்க. எல்லாமே அந்த ஒரு பக்கத்துக்குத்தான். வாங்காமப் போனாங்கன்னு சொன்னனே, அவங்கதான்.

உக்காந்து ஒவ்வொருத்தருக்கா எழுதினேன். ‘உங்கள் கட்டுரையை விரும்பிப் படித்தேன்’னு போடலை. எல்லாத்தையும் நெசமாவே படிச்சேன், அதனால போட வரலை. ‘அல்லி பக்கத்தின் முகவரி மாறியிருக்கிறது, தயவுசெய்து மாற்றிவிடுங்கள்’, அவ்வளவுதான். மாத்தினாங்களா, மாத்தி எத்தனை பேரு வந்தாங்க, எவ்வளவு நேரம் படிச்சாங்க, எனக்கு ஒண்ணுந் தெரியாது. பாக்கறதுக்குத்தான் சாவி இல்லியே. கோகிலாவுக்கும் தெரியாது. சொல்ல வேண்டாம்னு இல்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

அந்தத் திருச்சி நர்ஸம்மா, பிலோமினான்னு பேரு, அவங்க மட்டும் அன்னைக்கே பதில் போட்டாங்க. ‘ரொம்ப நன்றி தம்பி, வார்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன். நீங்க அல்லி அம்மாவுக்கு என்ன வேணும்?’னு.

எப்பவும் கடைசியில வெப்சைட் ஆலோசகர்னு போடுவேன். அதை அடிச்சேன், அழிச்சேன். கணவர்னு அடிச்சேன், நோட்டீஸு வந்திருக்கே, அப்படிப் போடலாமான்னு வக்கீல்கிட்ட கேக்கலாம்னு தோணுச்சு, அழிச்சேன். சாப்பாட்டுப் பொட்டலம் ஆறிப்போச்சு. கடைசியில, ‘அந்த வேட்டி என்னோடதுங்க’ன்னு எழுதி, அடியில போன் நம்பரை மட்டும் போட்டு அனுப்பினேன்.

அவங்க அதுக்குப் பதில் போடலை. போன் பண்ணினாங்க. ஒண்ணும் கேக்கலை. குழந்தை எப்படி இருப்பான்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். மூக்கு எங்கம்மா மூக்குன்னு சொன்னேன். அப்படியே எங்கம்மா. அதை நான் அதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லீங்ணா.

என்னங்ணா, யாரைப் பாக்கறீங்க?

ஆமாங்க. அவதான். அந்த ஊதாச் சேலை. இளைச்சுட்டா. காங்கேயம் பஸ்ஸுல இந்த நேரத்துல உக்கார எடம் கிடைக்காது, நின்னுக்கிட்டேதான் வந்திருப்பா. இந்த வராந்தாவுல வேற பெஞ்சு காலியில்ல. நான் இங்க இருந்தா அவ உக்கார மாட்டா.

நான் எந்திரிச்சு அந்தத் தூணுகிட்ட நிக்கறேன். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். கொஞ்சம் தள்ளி மட்டும் உக்காருங்ணா, எடம் இருக்கறது தெரியற மாதிரி.